பைபீனைல் வளையங்களை லேசரால் முறுக்குதல்: கோணம் அசையவில்லை

வினா (வவுனியா)
இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்குப் பைபீனைல் வகை (இரண்டு பென்சீன் வளையங்கள் ஒரு பிணைப்பால் இணைந்த) மூலக்கூறு ஒன்றின் முறுக்கத்தைக் கணினியில் கணிக்கிறேன். ஒரு வளையத்தில் இரண்டு புரோமினும் ஒரு சயனோவும் (CN கூட்டம்), மற்றதில் இரண்டு புளோரின். வளையங்களுக்கிடையே 39°. பிணைப்பு அச்சை நிலைப்படுத்தி, 800 நானோமீற்றர், 5×10¹² வாட்/ச.செ.மீ. லேசர்த் துடிப்பை, அதன் மின்புலம் அச்சுக்குச் செங்குத்தாக அதிரும்படி அடிக்கிறேன். சராசரிக் கோணம் அப்படியே நிற்கிறது. எங்கே பிழை?

பதில் (கிளிநொச்சி)
அச்சை மட்டும் பிடித்தால் காணாது, தங்கச்சி. ஒரு ஈர்க்கில் இரண்டு பனையோலைத் துண்டுகளை 39° விலத்திக் குத்திப் பாருங்கோ. லேசர் ஒவ்வொரு துண்டையும் தன் முனைவாக்கத் திசைக்கு, அதாவது தன் மின்புலம் அதிரும் திசைக்கு, இழுக்கும். அந்தத் திசை ஓலைகளுக்கு இடையில் விழுந்தால் அவை நெருங்கும். அகன்ற பக்கத்தின் நடுவில் விழுந்தால் விலகும். உங்கள் மூலக்கூறுகள் அச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் நிற்கின்றன. அதனால் நெருங்குவதும் விலகுவதும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகக் குழு 2012இல் இதே மூலக்கூறை நீள்வட்ட முனைவாக்கமுள்ள (மின்புலம் நீள்வட்டத்தில் சுழலும்) நீண்ட துடிப்பால் முப்பரிமாணத்திலும் பிடித்து வைத்துவிட்டுத்தான் குறுந்துடிப்பை அடித்தது. கிடைத்த முறுக்க ஊசலாட்டத்துக்கு 1.25 பிக்கோசெக்கன் (ஒரு பிக்கோசெக்கன் என்பது செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆவர்த்தனம், 3° வீச்சம்.

பதில் (முல்லைத்தீவு)
அதோடு குணகத்தையும் பாருங்கோ. லேசர் மின்புலத்தின் உச்சவீச்சத்தைப் போட்டால், புலத்தில் மூலக்கூறு பெறும் அழுத்த ஆற்றலில் (நிலையாற்றலில்) ¼ வரவேண்டும். ½ போட்டால் உதை இரட்டிக்கும். உங்கள் செறிவுக்கு உச்சவீச்சம் ஏறத்தாழ 6.1×10⁹ வோல்ற்று/மீற்றர். துடிப்பு 1.25 பிக்கோசெக்கனைவிட நன்றாகக் குறுகியிருக்க வேண்டும். நீண்டால் வளையங்கள் புலத்தோடு மெல்லச் சாய்ந்து, அது போனதும் மெல்லத் திரும்பிவிடும்; ஊசலாட்டம் மிஞ்சாது. செறிவைக் கூட்டித் தப்பப் பார்க்காதேங்கோ, மூலக்கூறு அயனாகிவிடும்.

வினா (வவுனியா)
நன்றி அண்ணா. மூன்று அச்சிலும் பிடித்ததும் ஆடத் தொடங்கிவிட்டது. ஆனால் இரண்டாவது ஆட்டத்திலேயே கரைகிறது. வெப்பநிலை 300 கெல்வின்.

பதில் (கிளிநொச்சி)
அதுதான் காரணம். 1.25 பிக்கோசெக்கன் என்றால் முறுக்கத்தின் ஆற்றல் மட்டங்களுக்கு இடையே ஏறத்தாழ 27 செ.மீ⁻¹ (நிறமாலையில் ஆற்றலைக் குறிக்கும் அலகு). 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் 208 செ.மீ⁻¹. பல மட்டங்கள் நிரம்பிக் கிடக்கும், ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஆடும். பரிசோதனையில் வாயுவை வெற்றிடத்துக்குள் பீறவிட்டுக் குளிர்விப்பது இதற்காகத்தான். சில கெல்வினுக்கு இறக்குங்கோ. அப்போதும் 4 பிக்கோசெக்கனுக்குப் பிறகு கட்டம் குலைந்தால் (ஆட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் போனால்) நிரலைக் குறை சொல்ல வேண்டாம். அளவீட்டிலும் அப்படித்தான்.