கீசரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறது: எதுவரை நாமே பார்க்கலாம்?

தேரிக்காட்டுவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திசையன்விளைக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் 25 லிட்டர் கொள்ளளவும் 2000 வாட் திறனும் கொண்ட கீசர் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர்தான். வாளியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. சில மாதங்களாகவே தண்ணீர் சுடும்போது உள்ளே கடுகு பொரிவது போன்ற சத்தம் கேட்டது. சூடேறவும் முன்பைவிட அதிக நேரம் பிடித்தது. மார்கழி பிறந்ததிலிருந்து நிலைமை மோசம். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, சில நிமிடங்களில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடு முழுவதும் மின்சாரம் போய்விடுகிறது. எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கும் தானியங்கி சுவிட்ச்) விழுவதில்லை. கீசரின் அடியில் உள்ள பாதுகாப்பு வால்விலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது.

வாரண்டி முடிந்துவிட்டது, கம்பெனி ஆள் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும். உள்ளூரில் ஒருவர், ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுத்துவிடலாம் என்றும், சொட்டும் வால்வை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, இந்தக் குளிரில் வெந்நீர் இல்லாமல் முடியாது. எனக்கு ஸ்குரூடிரைவரும் டெஸ்டரும் பிடிக்கத் தெரியும். நானே எதுவரை பார்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

பாளை வயர்மேன்:

அண்ணாச்சி, முதலில் அந்த இரண்டு யோசனைகளையும் கைவிட்டுவிடுங்கள். வீடுகளில் மாட்டும் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. ஃபேஸில் போகும் மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்துக்கும் அந்த அளவுக்கு வேறுபாடு வந்தாலே அது விழுந்துவிடும். விழுகிறது என்றால் மின்சாரம் வேறு வழியாகக் கசிகிறது என்று பொருள், குளியலறையில் அந்த வழி ஈரக்காலோடு குழாயைப் பிடிக்கும் மனிதராக இருக்கலாம். எம்.சி.பி. கவனிப்பது ஷார்ட் சர்க்யூட்டையும் கூடுதல் சுமையையும்தான், ஆள் உயிரைப் பறிக்கக்கூடிய சிறிய கசிவு அதற்குத் தெரியாது. ஆகவே எம்.சி.பி. விழாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அதற்குக் கீசரின் மூடியைத் திறக்கவே தேவையில்லை. உலர்ந்த கையோடு, மெயினை அணைத்துவிட்டு, கீசரின் பிளக்கை உருவி எடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் பக்கம் கசிவு இருந்தால் அது அப்படியே இருக்கும். உருவிய பிளக்கின் ஊசிகள் கறுத்திருக்கின்றனவா, சாக்கெட்டின் துளையோரம் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மெயினைப் போட்டு, அதே சாக்கெட்டில் எர்த் ஊசியுள்ள நல்ல அயர்ன் பாக்ஸ் ஒன்றைச் செருகிச் சற்று நேரம் ஓட விடுங்கள். அப்போதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது, என்னைப் போன்ற உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட வேண்டும். விழவில்லை என்றால் கோளாறு கீசருக்குள்தான், கீசர் வேலை தெரிந்த சர்வீஸ்காரரைத்தான் அழைக்க வேண்டும்.

உங்கள் வேலை அதோடு முடிகிறது. மூடியின் ஸ்குரூவைத் தொடாதீர்கள். குழாயில் டெஸ்டரை வைத்தால் எரிகிறது, தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்ற நிலை இருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

வள்ளியூர் சர்வீஸ்காரர்:

நம் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துக் கீசர்களை நிறையக் கழற்றியிருப்பதால் சொல்கிறேன், தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளில் உள்ள கீசருக்கும் போர் தண்ணீர்க் கீசருக்கும் உள்ளே பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். கால்சிய, மெக்னீசிய உப்புகள் சூட்டில் பிரிந்து, தண்ணீரைச் சுட வைக்கும் எலிமெண்டின் மேல் ஓடாகப் படிகின்றன. ஓட்டுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதிப்பதுதான் நீங்கள் கேட்ட சத்தம். சூடு தண்ணீருக்கு இறங்க முடியாமல் எலிமெண்டே அளவுமீறிச் சூடாகிறது. நாளடைவில் அதன் உலோக உறையில் விரிசல் விழுகிறது. உறைக்குள் கம்பிச் சுருளைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடுப் பொடிதான் மின்காப்பு. அதில் ஈரம் ஏறினால் காப்பு கெட்டுவிடும். போட்டவுடன் விழாமல், சூடேறியபின் விழுவது பெரும்பாலும் இதன் அடையாளம். மின்காப்பை அளக்கும் மெகர் கருவியை வைத்து அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சூடேற நேரம் பிடிப்பதற்குக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் எலிமெண்டுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆனால் மின்னழுத்தம் 190 வோல்ட்டாக இறங்கினால் திறன் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடும், ஆகவே தாமதத்தை மட்டும் வைத்து எலிமெண்டைக் குறை சொல்லிவிட முடியாது.

வால்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேற்சொன்ன அளவுக்குச் சூடேறும்போது 25 லிட்டர் தண்ணீர் சுமார் 300 மில்லி விரியும், அந்த நேரத்தில் சொட்டுவது இயல்பு. ஆறிய பிறகும் சொட்டினால் வால்வின் வாயில் உப்புத் துணுக்கு சிக்கியிருக்கும், வால்வையே மாற்ற வேண்டும். எம்-சீல் வைத்து அடைத்த கீசரில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒருசேரப் பழுதானால் நீராவி போக வழியின்றித் தொட்டியே வெடிக்கும். சொட்டுவது வால்வில் இல்லாமல் தொட்டியின் உடம்பிலிருந்தே என்றால் பழுது பார்ப்பதில் பணத்தைப் போடாமல் புதிய கீசர் வாங்கிவிடுங்கள்.

தேரிக்காட்டுவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி மெயினை அணைத்துப் பிளக்கை உருவினேன். ஊசிகளில் ஒன்று மட்டும் லேசாகக் கறுத்திருக்கிறது, சாக்கெட் உருகவில்லை. அயர்ன் பாக்ஸ் தடையின்றி ஓடியது, ஆர்.சி.சி.பி. விழவில்லை. வால்வு, கீசர் முழுவதும் ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டிருக்கிறது. கம்பெனி சர்வீஸில் பதிந்துவிட்டேன். அதுவரை வாளியில் போடும் ஹீட்டர் ராடு வாங்கிச் சமாளிக்கலாமா? ஆள் வரும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

வள்ளியூர் சர்வீஸ்காரர்:

எலிமெண்டை மாற்றும்போது அதனோடு, இணைப்பில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பழையதை மறுபடி போட்டால் ஒழுகும். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசிய ஆனோடு தடியையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. உங்கள் தண்ணீருக்கு அது குச்சியாகத் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இனி ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடியுமுன், உப்பு எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

பாளை வயர்மேன்:

ராடு வேண்டாம் அண்ணாச்சி. வயதானவர்கள் புழங்கும் குளியலறையில், ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே வாளியில் கைவைத்துச் சூடு பார்க்கும் ஆபத்து இருக்கிறது. இந்தச் சில நாட்களுக்கு அடுப்பில் காய்ச்சி விளாவிக் கொடுங்கள்.

தேரி மணல் ஈரம் பிடிக்காது, அதனால் அங்கே எர்த் தடை எளிதில் ஏறிவிடும். எலிமெண்டு மாற்றி முடித்தவுடன் கீசரை ஓட விடாமல், ஊரில் உரிமம் உள்ள வயர்மேன் ஒருவரை வைத்து எர்த்தை அளந்து, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் செய்யுங்கள். ஊசி கறுத்திருப்பதால் அந்தப் பிளக்கையும் 16 ஆம்பியர் சாக்கெட்டையும் அவரே சேர்த்து மாற்றிவிடட்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானையும் அவர் முன்னிலையில் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழவில்லை என்றால் அதையும் அன்றே மாற்றிவிடச் சொல்லுங்கள்.