புதுப்பிப்பு: வண்டியில் அடிபட்ட தெருப்பூனை

பைக் மோதி, பின்னங்காலை இழுத்துக்கொண்டு எங்கள் படிக்கட்டடியில் கிடந்த பூனையைப் பற்றி எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு விரிசல் தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், 4 முதல் 6 வாரம் கூண்டிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். சிறுநீர் தானாகப் போகிறதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. போகிறது.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னவர்களே, தயவுசெய்து வேண்டாம். அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். பாலும் பல பூனைகளுக்குப் பேதியாகும்.

உப்பில்லாமல் அவித்த கோழியை என்னைவிட ருசித்துச் சாப்பிடுகிறது. நேற்று அடிபட்ட காலை ஊன்றி நின்றது. கூண்டைத் திறந்தால் சீறல் வேறு. சரி, தெம்பு வந்துவிட்டது! நன்றாக ஆறியதும் தடுப்பூசி, அப்புறம் கருத்தடை. வளர்க்க மாடி வீட்டு அக்கா பாதி சம்மதித்திருக்கிறார்.