புதுப்பிப்பு: ஹட்சனை எங்கே தொடங்கினேன்

இயற்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய டபிள்யூ. எச். ஹட்சனை எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் 1904-இல் வந்த 'கிரீன் மேன்ஷன்ஸ்' நாவலைச் சொன்னீர்கள். பாதி வரை போனேன். காடு பிடித்தது, காதல் கதை உள்ளே இழுக்கவில்லை.

சரி என்று, ஒரு நண்பர் சொன்ன 'ஃபார் அவே அண்ட் லாங் அகோ'வை எடுத்தேன். 1918-இல் வந்த பால்யகால நினைவுகள். 1841-இல் அர்ஜென்டினாவில் பிறந்தவர், எழுபது வயதுக்கு மேல் இங்கிலாந்தில் நோயில் படுத்திருந்தபோது சிறுவயதில் வாழ்ந்த பம்பாஸ் புல்சமவெளி முழுசாக நினைவில் திரும்பி வந்திருக்கிறது. வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் பாம்புகள். இரவில் படுக்கையில் கிடந்தபடி அவற்றின் சீறலைக் கேட்கும் சிறுவன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயமும் ஆசையும் ஒன்றாகக் கலந்த அந்த வயதை இப்படி எழுதி நான் படித்ததில்லை.

புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். பறவை, விலங்கு மேல் ஆர்வம் இருந்தால் அடுத்து 1892-இல் வந்த 'தி நேச்சுரலிஸ்ட் இன் லா பிளாட்டா'. நாவல் அதற்கப்புறம் போதும். நானும் அந்த மீதிப் பாதியை இந்த வாரம் மறுபடி எடுக்கிறேன்.