கிளாட்டுக்கு 3000 வார்த்தையும் மனப்பாடம் பண்ணித்தான் ஆகணுமா?

தேவகோட்டை_பொண்ணு:
ப்ளஸ் டூ படிக்கிறேன், பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். திருச்சி நேஷனல் லா யுனிவர்சிட்டில சேரணும்னு ஆசை, அதுக்கு டிசம்பர்ல கிளாட்ங்கற என்ட்ரன்ஸ் எழுதணும். காரைக்குடில ஒரு கடைல 3000 வார்த்தை இருக்க லிஸ்ட் புக் வாங்கி ஒரு நாளைக்கு 20னு படிக்கிறேன், பத்து நாளாச்சு, 'ஏ'யே இன்னும் முடியல. அபேட், அபெட், இதுல எது குறையறது எது உடந்தைன்னு ராத்திரி படுத்தா மாறிப்போயிடுது. யாராச்சும் வழி சொல்லுங்க ப்ளீஸ்

லா_மூணாவது_வருஷம்:
தங்கச்சி முதல்ல அந்த புக்க மூடி வை. 2020ல இருந்து கிளாட் முழுக்க பேசேஜ் குடுத்து அதுல இருந்து கேக்கறதுதான், 120 கேள்வில இங்கிலீஷ் 22ல இருந்து 26 வரும், சும்மா ஒரு வார்த்தைய குடுத்து அர்த்தம் கேக்க மாட்டான், "இந்த வரில இதுக்கு என்ன அர்த்தம்"னுதான் கேப்பான். 'சாங்ஷன்' எடுத்துக்கோ. பேங்க்ல லோன் சாங்ஷன் ஆச்சுன்னா அனுமதி, அதே ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல சாங்ஷன் போட்டுச்சுன்னா தடை. லிஸ்ட்ல ஒண்ணுதான் போட்டிருப்பான், நீ அத டிக் பண்ணிட்டு வந்தா கால் மார்க் மைனஸ். டெய்லி இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு எடிட்டோரியல் படி, தெரியாத வார்த்தைய அந்த முழு வரியோட நோட்ல எழுது.

பள்ளத்தூர்_ரிட்டயர்டு_வாத்தியார்:
மூடி வைனு சொல்றது கொஞ்சம் ஜாஸ்தி. வேர்ச்சொல் பிடிச்சா லிஸ்டும் உதவும்மா. 'ஸ்பெக்'னா பாக்கறது, 'சர்க்கம்'னா சுத்தி, அப்ப சர்க்கம்ஸ்பெக்ட்னா நாலாபக்கமும் பாத்து நடக்கறவன். ஆனா பொறியும் உண்டு, 'நாய்சம்'க்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கெடையாது, நாத்தம்னு அர்த்தம், 'ரெஸ்டிவ்'னா ஓய்வு இல்ல, நெலகொள்ளாம தவிக்கறது. இந்த மாதிரி ஏமாத்துறதுக்கு மட்டும் தனியா ஒரு பக்கம் வச்சுக்க. அப்புறம் படிச்சத பேச்சுலயும் எழுத்துலயும் எடுத்து பொழங்கணும், நம்ம ஊர் வீடுகள்ல பர்மா மரவைய, அதான் அந்த அரக்கு பூசின பாத்திரத்த, சாமான் ரூம்ல அடுக்கி பூட்டி வச்சு கல்யாணத்துல பரப்ப மட்டும் எடுக்கற கதையா ஆயிரக்கூடாது.

க்யூட்_எழுதினவன்:
க்யூட்டும் எழுதுறியா, அதான் சென்ட்ரல் யுனிவர்சிட்டி என்ட்ரன்ஸ்? அதுல சினானிம் ஆன்ட்டனிம் நேராவே வரும், புக்க தூக்கி போட்றாத

தேவகோட்டை_பொண்ணு:
ஆமாண்ணே அதுவும் எழுதுறேன், புக்கு பரண்ல ஏறல 😄 நேத்து எடிட்டோரியல் ஒண்ணு படிச்சேன் க்கா, பதினாலு வார்த்தை தெரியல, ஒரு பத்தி முடிக்கவே அர மணி நேரம். சார், நாய்சம் சொன்னதும் எங்க வீட்டு பின்னாடி ஊரணிதான் ஞாபகம் வந்துச்சு, இனி மறக்காது. ஆனா அபேட் அபெட் இன்னும் கொழப்புது

லா_மூணாவது_வருஷம்:
மொதல் மாசம் அப்படித்தான் இருக்கும். அபெட்தான் உடந்தை, பழைய ஐபிசில, அதான் இந்திய தண்டனைச் சட்டத்துல, அதுக்குன்னு தனி சாப்டரே உண்டு. லா காலேஜ்ல வந்து சேந்துட்டேன்னா நீ தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவ