மறு: மோடல் வெர்ப்: ‘பாங்குவினை’ சரியாக வருமா?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில இலக்கணத்தில் மோடல் வெர்ப் எனப்படும் கேன், மே, மஸ்ட் போன்ற சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் நம் பேச்சு.

நேற்று ஐயா எழுதியிருந்தது:

> ‘துணைவினை’ என்றே வைத்துக்கொள்வோமே. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். புதிதாக ஒன்றை உருட்டுவானேன்?

ஐயா, துணைவினை போதாது. டூ, ஹேவ் எல்லாமும் துணைவினைதான். மஸ்ட், மே, கேனும் துணைவினைதான். ஆனால் முன்னவை ஆளைப் பார்த்து உருமாறும்: டூ டஸ் ஆகும், ஹேவ் ஹேஸ் ஆகும். பின்னவை யார் வந்தாலும் அசையாது. மதுரை சிம்மக்கல்லில் மாடியில் நடக்கும் என் மாலை ஆங்கில வகுப்பில் பாதித் தகராறு இங்கேதான். ‘ஷி கேன்ஸ்’ என்று எழுதிய பிள்ளையிடம், “துணைவினைக்கு எஸ் போடக்கூடாதும்மா” என்றேன். “அப்போ டஸ்ஸுல மட்டும் எப்படி சார் வந்துச்சு?” என்றது. நியாயமான கேள்வி. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட்டது என் குற்றம்.

‘முறைமைத் துணைவினை’ என்று ஒருவர் சொன்னார். முறைமை என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் ‘சிஸ்டம்’ என்பதற்கு எப்போதோ எடுத்துக்கொண்டாயிற்று. மொழிபெயர்ப்பு மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தால் ‘முகட்டு வினை’ என்று வந்தது. பள்ளிக் கணக்கில் சராசரி, இடைநிலைக்குப் பக்கத்தில் ‘மோட்’ என்று வருமே, அந்த முகடு! சிரித்துவிட்டு மூடிவிட்டேன்.

‘திரியாவினை’ என்ற யோசனை எனக்கு முதலில் பிடித்திருந்தது. நான் போகலாம், நீ போகலாம், அவர்கள் போகலாம், மாடும் போகலாம். நம் ‘லாம்’ கூட ஆள் பார்ப்பதில்லை. வியங்கோளும் அப்படித்தான், வாழ்க என்பது மூவிடத்துக்கும் பொது என்கிறது நன்னூல். (தொல்காப்பியர் தன்மைக்கும் முன்னிலைக்கும் அதைத் தரவில்லை. அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.) ஆனால் ‘மாட்டு’ காலை வாரிவிடுகிறது: மாட்டேன், மாட்டாய், மாட்டார்கள். ஆங்கிலத்தில் வில் நாட் என்று ஒரே மாதிரி நிற்பது தமிழில் ஆளுக்கு ஆள் திரிகிறது. உருவத்தை வைத்துப் பெயரிட்டால் ஒரு மொழிக்குத்தான் பொருந்தும். அந்தச் சொல் செய்கிற வேலையை வைத்துப் பெயரிட வேண்டும்.

என்ன வேலை? போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் மாணவன் ஒருவன் சித்திரை வீதியில் பித்தளைச் சாமான் கடையில் நிற்கிறான். வெளிநாட்டுத் தம்பதி வந்து ஒரு குத்துவிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இவன் மரியாதையாக, “யூ மஸ்ட் நாட் பை, சும்மா லுக்” என்றிருக்கிறான். அந்த அம்மா சுட்டுவிட்டதுபோல விளக்கைக் கீழே வைத்துவிட்டு, சாரி சொல்லிக்கொண்டே கிளம்பிவிட்டாராம். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நேரே வகுப்புக்கு வந்து, “வாங்க வேண்டாம், சும்மா பாருங்கன்னுதானே சார் சொன்னேன்?” என்கிறான்.

அவன் மனத்தில் இருந்த ‘வேண்டாம்’ கட்டாயமில்லை என்பது. வாயில் வந்த மஸ்ட் நாட் ‘கூடாது’ என்பது. நம் வேண்டாம் இரண்டு பக்கமும் சாயும். “தண்ணியில இறங்க வேண்டாம்” என்றால் தடை, “காசு தர வேண்டாம்” என்றால் சலுகை. ஆங்கிலத்தில் தடைக்கு மஸ்ட் நாட், சலுகைக்கு நீட் நாட் அல்லது டோன்ட் ஹேவ் டு. மஸ்ட்டும் ஹேவ் டுவும் நேராகச் சொல்லும்போது பக்கத்துப் பக்கத்து வீடு. நாட் சேர்ந்ததும் வேறு வேறு ஊர்.

வாங்குகிற செயலில் எந்த மாற்றமும் இல்லை. சொல்பவர் அதை அனுமதிக்கிறாரா, தடுக்கிறாரா, ஊகிக்கிறாரா என்கிற பாங்குதான் மாறுகிறது. “பஸ் இந்நேரம் மேலூரைத் தாண்டியிருக்க வேண்டும்” என்பது ஊகம், அது மஸ்ட் ஹேவ். “நேற்றே சொல்லியிருக்க வேண்டும்” என்பது குறை, அது ஷுட் ஹேவ். தமிழில் அச்சு ஒன்றே, பாங்கு இரண்டு.

அதனால் பாங்குவினை. மனப்பாங்கு எல்லோருக்கும் தெரியும். பாங்கு என்றால் பக்கம் என்றும் பொருள். தலைவனோடு கூடவே நிற்பவன் பாங்கன். முதன்மை வினைக்குப் பக்கத்தில் நிற்பதும், அதன் பாங்கைச் சொல்வதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. தனியாகத் ‘துணை’ ஒட்டத் தேவையில்லை.

ஒரே நெருடல், காஜிமார் தெருப் பக்கம் பாங்கு என்றால் தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசல் பாங்குதான். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், யாரும் குழம்பவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901இல் தமிழ்ச் சங்கம் வைத்த ஊரில் இருந்துகொண்டு மோடல் என்றே எழுதலாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இன்னொன்று. ‘மஸ்ட் டு கோ’ என்று எழுதாத பிள்ளை இல்லை. போக என்றால் டு கோ என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். போக வேண்டும் என்றதும் டு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாங்குவினைக்குப் பின் டு வராது என்று ஒரு வரி சொன்னால் இனிச் சுலபம்.

அன்புடன்,
சிம்மக்கல்லிலிருந்து

—

> பாங்குவினைக்குப் பின் டு வராது

தம்பி, பெயருக்கு நான் தடை சொல்லவில்லை. பாங்கன் வந்து சேர்ந்தது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியில் அவசரப்பட்டுவிட்டீர்கள். ‘ஆட்’ (ought) டுவோடுதானே வரும்? அந்த ஆட்டை எந்தத் தொழுவத்தில் கட்டுவீர்கள்?