லாபம் ஏறியது, பணம் வரவில்லை: ஆண்டறிக்கை படித்த அனுபவங்களைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி நான்கு வருடம் வைத்திருந்து, கடைசியில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்று வெளியே வந்தேன். பெயர் வேண்டாம். நட்டத்தைவிட அதிகமாக உறுத்தியது என்னவென்றால், நான் யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கவில்லை, ஆண்டறிக்கையைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

ஆனால் படித்தது லாப நட்டக் கணக்கை மட்டும். விற்பனை வருடா வருடம் 20 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது, லாபமும் கூடவே ஏறுகிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். பணப்பாய்வு அறிக்கையில், தொழிலில் இருந்து வந்த பணம் மூன்று வருடத்தில் இரண்டு வருடம் மைனஸில் இருந்தது. அது கண்ணில் படாமல் இல்லை. வளரும் கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

சரக்கு வாங்குபவர் கைக்குப் போய் பில் போட்டதும் அது விற்பனைக் கணக்கில் ஏறிவிடும், அதில் லாபமும் வந்துவிடும். பணம் எப்போது வரும் என்பது வேறு கதை. அதுவரை அந்தத் தொகை பேலன்ஸ் ஷீட்டில் வரவேண்டிய பாக்கியாக உட்கார்ந்திருக்கும். பாக்கியை வருட விற்பனையால் வகுத்து 365 ஆல் பெருக்கினால், சராசரியாக எத்தனை நாளில் பணம் வசூலாகிறது என்று ஓரளவு தெரியும். இரண்டு நிமிடக் கணக்கு இது. நான் போட்டது எல்லாம் முடிந்த பிறகு. 62 நாள், அடுத்த வருடம் 95, அதற்கடுத்து 148. அதாவது வாங்கியவர்கள் பணம் தராமல் இழுத்தடித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பணம் தரத் தெம்பில்லாதவர்களுக்கெல்லாம் கடனுக்கு விற்று கம்பெனி விற்பனையைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. இந்தப் பாக்கி இவ்வளவு வளர்ந்தும் வாராக்கடனுக்கு ஒதுக்கிய தொகை மட்டும் மூன்று வருடமும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, குறிப்புகளில் அதுவும் அச்சிட்டே இருந்தது. நான்காவது வருடம் பெரிய தொகையை வாராக்கடன் என்று தள்ளுபடி செய்தார்கள், முந்தைய மூன்று வருட லாபமும் அதிலேயே கரைந்தது.

இப்போது எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் முதலில் ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டுகிறேன், அதே ஐந்து வருடத்தில் தொழிலில் இருந்து வந்த பணத்தையும் கூட்டிப் பக்கத்தில் வைக்கிறேன். ஒரு வருடக் கணக்கில் ஏமாறலாம், ஐந்து வருடக் கூட்டலில் ஏமாறுவது கொஞ்சம் கஷ்டம்.

*

எனக்கு வேலையே இதுதான், கடன் கேட்டு வரும் கம்பெனிகளின் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது. நண்பர் சொன்னது சரி, ஆனால் அந்தப் பணப்பாய்வையும் அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு கம்பெனியின் கணக்கு வருடக் கடைசியில் பார்க்க அழகாக இருந்தது. கையில் பணம் இருக்கிறது, கடன் குறைவு. வட்டிச் செலவை எடுத்து, வருடக் கடைசியில் காட்டிய கடனால் வகுத்தேன், 18 சதவீதம் வந்தது. அவர்களுக்கு யாரும் அந்த வட்டியில் கடன் கொடுக்கவில்லை, ஒப்பந்தங்களில் 9 சதவீதம்தான் இருந்தது. அப்படியென்றால் வருடம் முழுக்க சுமந்த கடன் சராசரியாக இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கை மாதவாரியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். கணக்கு முடிக்கும் வாரத்தில் சப்ளையர்களுக்குத் தரவேண்டியதை நிறுத்தி வைத்து, அந்தப் பணத்தில் கடனை அடைத்து, அடுத்த மாத முதல் வாரத்திலேயே திரும்பக் கடன் வாங்கியிருந்தார்கள். பொய்க் கணக்கு என்று சொல்ல முடியாது. அந்த ஒரு நாள் நிலவரம் உண்மைதான், மீதி 364 நாளை அது காட்டவில்லை, அவ்வளவே.

இன்னொரு வழி, செலவைச் சொத்தாக்கிவிடுவது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் வேர்ல்ட்காம் செய்தது இதுதான். மற்ற நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த கட்டணத்தை, அந்தந்த வருடச் செலவாக எழுதாமல் மூலதனச் செலவாக, அதாவது சொத்து வாங்கிய செலவாக எழுதினார்கள். 2002 ஜூனில் வெளியே வந்தபோது முதலில் சொன்ன தொகையே 380 கோடி டாலர். இதில் கவனிக்க வேண்டியது, இப்படிச் செய்தால் லாபமும் கூடும், தொழிலில் இருந்து வந்த பணமும் கூடித் தெரியும், ஏனென்றால் அந்தச் செலவு முதலீடு என்ற தலைப்புக்குக் கீழே போய்விடும். அதனால்தான் தொழிலில் இருந்து வந்த பணத்தில் மூலதனச் செலவைக் கழித்துவிட்டு மீதி என்ன என்று பார்க்கச் சொல்கிறோம். எந்தத் தலைப்பில் எழுதினாலும் போன பணம் போனதுதான், கழித்த பிறகு வரும் எண் மாறாது.

அப்புறம் 2018 ஜனவரியில் விழுந்த பிரிட்டிஷ் கட்டுமான நிறுவனம் கரிலியன். அவர்களின் சப்ளையர்களுக்கு வங்கி முன்கூட்டியே பணம் கொடுத்துவிடும், கம்பெனி பிறகு நிதானமாக வங்கிக்குத் தரும். நடப்பில் அது வங்கிக் கடன். பேலன்ஸ் ஷீட்டில் அது கடன் என்ற வரியில் இல்லை, பிறருக்குத் தரவேண்டிய மற்ற பாக்கிகள் என்ற வரியில் இருந்தது. சர்வதேசக் கணக்கு நெறியைப் பின்பற்றும் கம்பெனிகள் 2024 தொடக்கத்திலிருந்து இந்த ஏற்பாடுகளைக் குறிப்பில் தனியாகச் சொல்லியாக வேண்டும், பணப்பாய்வு அறிக்கைக்கான நெறியான ஐஏஎஸ் 7 ஐ அதற்காகவே திருத்தினார்கள். தயவுசெய்து அந்தக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்.

*

நான் கணக்குப் படித்தவள் இல்லை, மென்பொருள் வேலை. பங்கும் வாங்குவதில்லை. வேலை மாறும்போது போகப்போகிற கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு, அதுவும் பின்னாலிருந்து. முதலில் தணிக்கையாளர் அறிக்கை, அப்புறம் குறிப்புகள். தலைவரின் உரையைத் தொடுவதே இல்லை.

ஒரு இடத்தில் சம்பளம் நன்றாகப் பேசினார்கள். தொடர்புடைய தரப்பினருடன் நடந்த கொடுக்கல் வாங்கல் என்ற குறிப்பில், இயக்குநர் ஒருவரின் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் அந்த வருட லாபத்தைவிடப் பெரிதாக இருந்தது. நேர்காணலின் கடைசியில் கேட்டேன். குழும நிறுவனம்தான், சீக்கிரம் திரும்பி வந்துவிடும் என்றார்கள். நான் சேரவில்லை. அடுத்த வருட அறிக்கையையும் எடுத்துப் பார்த்தேன், கடன் இன்னும் கூடியிருந்தது.

இப்போது வேலை பார்க்கும் இடம் நேர்மாறு. நான் சேர்ந்தபோது நட்டம் காட்டிய கம்பெனி. ஆனால் வாடிக்கையாளர்கள் ஒரு வருடச் சந்தாவை முன்பணமாகக் கட்டுகிறார்கள், அது முழுவதும் உடனே வருமானமாகாது, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும், மீதி, இன்னும் சேவை தரவேண்டிய பொறுப்பு என்பதால், பேலன்ஸ் ஷீட்டில் கடப்பாடாக நிற்கும். அதனால் லாபம் மைனஸ், கையில் வரும் பணம் பிளஸ். நட்டம் என்ற ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால் இந்த வேலையை விட்டிருப்பேன்.

*

திரும்ப நான்தான். 148 நாள் என்றால் அதிகமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். தொழிலைப் பொறுத்தது. கல்லாவில் பணம் வாங்கி விற்கும் சில்லறைக் கடைக்குப் பத்து நாளே அதிகம், பெரிய ஒப்பந்த வேலை செய்பவர்களுக்கு 150 நாள் சாதாரணமாகவும் இருக்கலாம். அதே தொழிலில் உள்ள இன்னும் மூன்று கம்பெனிகளுக்குப் போட்டுப் பாருங்கள், அதே கம்பெனிக்கு முந்தைய வருடங்களையும் போட்டுப் பாருங்கள். எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

கடன் துறை நண்பர் சொன்ன வட்டிக் கணக்கை நேற்று இரவு என் பழைய அறிக்கைகளில் போட்டேன். முதல் வருடம் 10 சதவீதம், மூன்றாம் வருடம் 21. அதோடு அந்த மூன்றாம் வருடம் 'பிற கடப்பாடுகள்' என்ற ஒரு வரி மூன்று மடங்காகியிருக்கிறது, குறிப்பிலும் அதைப் பிரித்துச் சொல்லவில்லை. கடன் கேட்டு வந்தவர்களின் அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்தால் நீங்கள் அவர்களிடம் என்னென்ன கேட்பீர்கள் என்று எழுத முடியுமா?