கடைசி ஐந்து ஆட்டங்களை வைத்து ஒரு பிள்ளையை அணியிலிருந்து எடுத்துவிடலாமா?

பாளை டீச்சர்

பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். அடுத்த போட்டிக்கு 12 பேர் பட்டியலை இந்த வாரமே கொடுத்தாக வேண்டும். கமிட்டிப் பெரியவர்களுக்கும் எனக்கும் இரண்டு விஷயங்களில் ஒத்துப்போகவில்லை.

7-ஆம் எண் பிள்ளை கடைசி ஐந்து ஆட்டங்களில் 76 புள்ளிகள் எடுத்திருக்கிறாள். 11-ஆம் எண் எடுத்தது 52. அதனால் பந்து எப்போதும் 7-இன் கைக்கே போகட்டும் என்கிறார்கள். 9-ஆம் எண் தூரத்திலிருந்து அடிக்கிறவள். இந்த ஐந்து ஆட்டங்களில் 20 மூன்று புள்ளி ஷாட்டுகளில் நான்குதான் விழுந்தன. அதற்கு முன் இதே சீசனில் 60-க்கு 21 விழுந்திருந்தன. "ஃபார்ம் போய்விட்டது, எடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். அவள் மேலப்பாளையத்திலிருந்து காலை ஐந்தரைக்கே வந்து நிற்கிற பிள்ளை. அதைச் சொல்லிக் கமிட்டியில் வாதாட முடியாது. கணக்கு காட்ட வேண்டும்.

பெரிய லீக்குகளில் சமீபத்திய ஆட்டத்தை அளக்கப் பல சூத்திரங்கள் வைத்திருக்கிறார்கள். கேமராவும் கம்ப்யூட்டரும் இல்லாத எங்களுக்கு அவற்றில் எது உதவும்? கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் ஒவ்வோர் ஆட்டத்திலும் பெஞ்ச் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறான்.

வண்ணார்பேட்டை ரசிகன்

டீச்சர், பிளஸ்-மைனஸ் பாருங்கள். ஒரு பிள்ளை களத்தில் நிற்கும் நேரத்தில் நாம் எடுத்த புள்ளியிலிருந்து விட்டுக்கொடுத்த புள்ளியைக் கழித்தால் போதும். சத்தமில்லாமல் அணியைத் தாங்குகிறவர்கள் அதில்தான் தெரிவார்கள்.

ஸ்கோர் மேசை

தம்பி சொல்வது முழு சீசனுக்குப் பொருந்தும். ஐந்து ஆட்டங்களுக்கு அதை நம்ப வேண்டாம். கூட இறங்கியவர்கள் யார், எதிரே நின்றவர்கள் யார் என்பதே அந்த எண்ணை எங்கோ கொண்டுபோய்விடும். எதிரணியின் முதல் ஐந்து பேரும் உட்கார்ந்த பிறகு இறங்கும் பிள்ளை எதுவும் செய்யாமலே பிளஸ்ஸில் நிற்பாள்.

டீச்சர், கமிட்டிக்காரர்கள் கையில் இருப்பது அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட். பல வருடங்களாக அந்த மேசையில் உட்கார்ந்து நிரப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு புள்ளி விழுந்தால் ஒரு சாய்கோடு போடுவோம். ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஒரு கறுத்த பொட்டு. மூன்று புள்ளி என்றால் அடித்தவரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃபவுலுக்குக் கட்டம் உண்டு, டைம்-அவுட்டுக்குக் கட்டம் உண்டு. விழாத ஷாட்டை எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. அதனால்தான் 76 என்பது மட்டும் அவர்கள் கண்ணில் படுகிறது. அந்த 76-க்கு எத்தனை முறை பந்து செலவானது என்பது உங்கள் அண்ணன் மகன் நோட்டில்தான் இருக்கும். அதை இங்கே எழுதுங்கள்.

பாளை டீச்சர்

எழுதுகிறேன் அண்ணாச்சி. 7-ஆம் எண்: 70 ஷாட்டில் 32 விழுந்தன, அவற்றில் மூன்று புள்ளி 6. ஃப்ரீ த்ரோ 10-க்கு 6. பந்தைப் பறிகொடுத்தது 19 முறை. 11-ஆம் எண்: 36-க்கு 18, அவற்றில் மூன்று புள்ளி 2. ஃப்ரீ த்ரோ 18-க்கு 14. பறிகொடுத்தது 7 முறை.

ஸ்கோர் மேசை

அருமையான நோட்டு. அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள்.

முதலில் ட்ரூ ஷூட்டிங் பார்ப்போம். இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது அது. ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி ஷாட் எண்ணிக்கையோடு கூட்டுங்கள். அதை இரட்டித்து, புள்ளியை அதனால் வகுத்துவிடுங்கள். 7-க்கு 70 + 4.4 = 74.4, இரட்டித்தால் 148.8. 76-ஐ வகுத்தால் 51 சதவீதம். 11-க்கு இதேபோல் 87.84 வரும். 52-ஐ வகுத்தால் 59 சதவீதம். ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் ஒரு முழு வாய்ப்பைத் தின்பதில்லை. ஃபவுலோடு பந்தும் விழுந்தால் கூடுதலாக ஒன்று மட்டும் கிடைக்கும், மற்றபடி பெரும்பாலும் இரண்டு சேர்ந்து வரும். அந்தச் சராசரிதான் 0.44. அது அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் ஆட்டங்களிலிருந்து வந்த எண் என்றாலும் நமக்கும் போதுமானது.

இனி பறிகொடுத்ததையும் சேருங்கள். 7 செலவழித்த வாய்ப்புகள் 93.4, ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது 0.81 புள்ளி. 11 செலவழித்தது 50.9, கிடைத்தது 1.02 புள்ளி. கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் வெற்றிக்கான நான்கு காரணிகளுக்கு எடை போட்டபோது ஷாட்டுக்கு 40 சதவீதம் கொடுத்தார். அடுத்த 25 சதவீதம் பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பதற்குத்தான். பிறகுதான் ஆஃபென்சிவ் ரீபவுண்டும் (தவறிய நம் ஷாட்டை நாமே பிடிப்பது) ஃப்ரீ த்ரோவும்.

இதனால் எல்லாப் பந்தையும் 11-க்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போது அவள் நல்ல வாய்ப்பு வரும்வரை காத்திருந்து அடிக்கிறாள். சுமை கூடினால் அந்த 59 இறங்கத்தான் செய்யும். கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

ஓர் ஆட்டத்தில் ஒருவர் செய்த எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கும் ஜான் ஹோலிஞ்சரின் கேம் ஸ்கோரை யாராவது கொண்டுவந்து 7-தான் மேல் என்று காட்டினால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். அந்தச் சூத்திரத்தில் விழுந்த இரண்டு புள்ளி ஷாட்டுக்கு மொத்தம் 1.7 ஏறும், தவறினால் 0.7 இறங்கும். கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு முப்பது விழுகிறவள்கூட அடிக்க அடிக்க மேலே போய்க்கொண்டே இருப்பாள். அப்படி அடித்தால் அணி தோற்றுவிடும். ஓர் ஆட்டத்தைச் சட்டென்று புரிந்துகொள்ள அது நல்ல கருவி, ஆள் எடுக்க அது போதாது.

9-ஆம் எண் விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உண்மையிலேயே 35 சதவீதம் போடக்கூடிய ஒருத்தி 20 ஷாட் அடித்தால், நான்கோ அதற்குக் குறைவாகவோ விழுவதற்கு 100-க்கு ஏறக்குறைய 12 வாய்ப்பு உண்டு. திறமை துளியும் குறையாமலே இது நடக்கும். 12 பேர் உள்ள அணியில் எந்த மாதத்திலும் யாராவது ஒருத்தி இப்படி மாட்டியிருப்பாள். அவளை எடுத்துவிட்டால் அடுத்த மாதம் இன்னொருத்தி மாட்டுவாள். பழைய 60-ஐயும் புதிய 20-ஐயும் சேர்த்துப் பாருங்கள்: 80-க்கு 25, அதாவது 31 சதவீதம். அடுத்த ஆட்டத்தில் அவளிடம் எதிர்பார்க்க வேண்டியது அந்த 31-ஐ. 20 சதவீதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவள் வழக்கமான இடத்திலிருந்துதான் அடிக்கிறாளா, கையெதிரே ஆள் இல்லாதபோது அடிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். ஃபார்ம் போயிருந்தால் முதலில் அதில்தான் தெரியும்.

கடையத்துக்காரன்

எந்த மைதானத்தில் அடித்தாள் என்று யாரும் கேட்கவில்லையே! ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று எங்கள் பக்கத்துத் திறந்தவெளி சிமெண்ட் தளங்களில் பந்தை என்ன பாடு படுத்துகிறது என்று வந்து பாருங்கள். பெண்கள் பந்து எடையும் குறைவு. 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து உயரமாகத் தூக்கி அடிக்கிற பிள்ளைதான் முதலில் அடிபடுவாள். உள்ளே புகுந்து லே-அப் போடுகிறவளைக் காற்று ஒன்றும் செய்யாது.

ஸ்கோர் மேசை

இதைச் சொன்னதற்கு நன்றி. டீச்சர், அதே தளத்தில், அதே மாலையில் எதிரணிப் பிள்ளைகள் மூன்று புள்ளி எப்படி அடித்தார்கள் என்று நோட்டில் உண்டா? அதுதான் சரியான ஒப்பீடு. இடைவேளைக்குப் பின் கூடை மாறுவதால் காற்றின் பாரம் இரண்டு அணிக்கும் ஒன்றுதான்.

பாளை டீச்சர்

இருக்கிறது! ஐந்தில் மூன்று ஆட்டங்கள் மேற்கே திறந்தவெளியில் நடந்தவை. அங்கே எதிரணிகள் மூன்று புள்ளியில் 41-க்கு 6. எங்கள் 9 அங்கே 14-க்கு 2, மற்ற இரண்டு ஆட்டங்களில் 6-க்கு 2.

ஒரு பெரியவர் மட்டும் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார். "கை ஓடும்போது ஓடும், நின்றால் நின்றதுதான்" என்கிறார்.

ஸ்கோர் மேசை

14-ஐயும் 6-ஐயும் தனித்தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது, அவை மிகச் சிறியவை. எதிரணியின் 41-க்கு 6 தான் உங்களுக்குச் சாட்சி. அதை முதலில் எடுத்து வையுங்கள்.

கை ஓடுவது, அதாவது சில ஷாட் விழுந்தால் அடுத்ததும் விழும் என்பது பற்றி அந்தப் பெரியவரை அவமதிக்காமல் பேசுங்கள். 1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் பிலடெல்பியா அணியின் ஷாட்டுகளை ஆராய்ந்து, அப்படி ஒன்று தெரியவில்லை என்று எழுதினார்கள். பல வருடம் அதுவே முடிந்த முடிவாக இருந்தது. பிறகு மில்லரும் சான்ஹூர்ஹோவும் அந்தக் கணக்கு முறையிலேயே ஒரு சாய்வு இருப்பதைக் காட்டினார்கள். நாணயத்தை மூன்று முறை சுண்டும் ஒவ்வொரு வரிசையிலும் தலைக்குப் பின் தலை வரும் விகிதத்தைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், 1/2 வர வேண்டிய இடத்தில் 5/12 தான் வரும். ஆகவே கை ஓடுவது கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது ஓர் ஆட்டத்துக்குள் அடுத்தடுத்து வரும் ஷாட்டுகளைப் பற்றிய பேச்சு. வாரக்கணக்கில் பரவிக் கிடக்கும் 20 ஷாட்டுக்கு அதைப் பொருத்த முடியாது.

9-இன் பெயரை எழுதுங்கள். 7 பறிகொடுத்த 19-ஐயும் வகை பிரித்துப் பாருங்கள், டீச்சர். அவள் நல்ல பிள்ளை, அதைத் திருத்தினாலே 0.81 ஏறிவிடும்.

பாளை டீச்சர்

பிரித்துப் பார்த்தேன் அண்ணாச்சி. 19-இல் 11, இரண்டு பேர் சூழ்ந்த பிறகு கொடுத்த பாஸ். அவற்றில் பெரும்பாலானவை இடது ஓரத்தில். இன்று மாலை முதல் அந்த மூலையில் இரண்டு பேரை நிறுத்தி அதற்குத்தான் பயிற்சி. பட்டியலில் 9 இருக்கிறாள்.